நிறுத்திய மின்காரில் பொருள்களைத் திருட்டிலிருந்து காப்பது எப்படி?

நிறுத்தி வைத்திருக்கும் காரின் கண்ணாடியை உடைத்துப் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவனுக்கு அந்தக் கார் பெட்ரோலில் ஓடுகிறதா மின்சாரத்தில் ஓடுகிறதா என்பது ஒரு பொருட்டே அல்ல. அவனுடைய வேலை ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அலாரம் அலறினாலும், ஏதோ தவறுதலாக ஒலிக்கிறது என்று எண்ணிக்கொண்டு அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பதற்குள் அவன் தெருமுனையைத் தாண்டியிருப்பான். சுற்றிலும் கேமரா, கைப்பேசியில் செயலி, மின்னணுப் பூட்டு என்று எல்லாம் இருப்பதால், உள்ளே வைத்த பொருளுக்கும் காவல் கிடைத்துவிட்டதாக மின்கார் உரிமையாளர்கள் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த ஏற்பாடுகளில் பெரும்பாலானவை காரை யாரும் ஓட்டிச் சென்றுவிடாதபடி தடுப்பதற்காக அமைந்தவை. உள்ளே இருக்கும் பொருளைக் காக்க வேண்டுமானால் வேறொரு கேள்வியைக் கேட்டாக வேண்டும்: கண்ணாடி உடைந்தே விட்டது என்று வைத்துக்கொண்டால், உள்ளே நீளும் கைக்கும் உங்கள் மடிக்கணினிக்கும் நடுவே இன்னும் என்னென்ன தடைகள் இருக்கின்றன?

முதலில் உங்கள் காரை நீங்களே சோதியுங்கள்

இதற்கு விடை காணக் கையேட்டைப் புரட்டுவதைவிட ஒரு சிறு சோதனை மேலானது. பாதுகாப்பான இடத்தில் காரை நிறுத்தி, பின்பக்க ஜன்னல் கண்ணாடி ஒன்றை முழுவதும் இறக்கிவிட்டு, எல்லாக் கதவுகளையும் பூட்டுங்கள். பிறகு சாவியையும், சாவியாகச் செயல்படும் கைப்பேசியையும் இன்னொருவரிடம் கொடுத்துத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, திறந்திருக்கும் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, ஒரு திருடன் எதையெல்லாம் முயல்வானோ அதையெல்லாம் முயன்று பாருங்கள். அலாரம் ஒலிக்கக்கூடும்; அண்டை வீட்டாரிடம் முன்பே சொல்லிவைத்தால் சங்கடம் இராது. கதவின் உள்கைப்பிடியை இழுத்தால் கதவு திறக்கிறதா, பின்னிருக்கையின் சாய்மானத்தை மடக்கும் பிடிக்குக் கை எட்டுகிறதா, ஓட்டுநரின் காலடியில் பானெட்டைத் திறக்கும் நெம்புகோல் இருக்கிறதா, டிக்கியைத் திறக்கும் பொத்தான் சாவி அருகில் இல்லாதபோதும் வேலை செய்கிறதா, டேஷ்போர்டுப் பெட்டி எதுவும் கேட்காமல் திறந்துகொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால், உங்கள் காரில் எந்த மூலை உண்மையில் மறைவிடம், எது வெறும் மூடிபோட்ட திறந்தவெளி என்பது சில நிமிடங்களில் விளங்கிவிடும்.

இந்தச் சோதனையில் பெரும்பாலும் தோற்பது டிக்கிதான். மின்கார்களில் மிகப் பல, ஹேட்ச்பேக் அல்லது எஸ்யூவி வடிவத்தவை. அவற்றில் டிக்கி தனி அறையன்று, பயணிகள் அறையின் தொடர்ச்சியே. மேலே இழுத்துவிடும் திரை பார்வையை மறைக்குமே தவிர கையைத் தடுக்காது. டெஸ்லாவின் மாடல் 3 போன்று டிக்கி தனியாகத் தெரியும் செடான் கார்களிலும், பின்கதவை அடுத்துள்ள சிறிய கண்ணாடியை மட்டும் உடைத்து, சாய்மானத்தை மடக்கிவிட்டு, டிக்கிக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும் வழக்கம் திருடர்களிடையே இருக்கிறது. ஒன்றும் தென்படாவிட்டால் அடுத்த காருக்குப் போய்விடுவான். ஆகவே டிக்கியில் ஒரு பையை வைத்தே ஆகவேண்டும் என்றால், தரைப் பலகைக்குக் கீழே உள்ள குழிப்பெட்டியில் வைத்து, பலகையின் மேல் கனமான, விலைபோகாத ஏதாவது ஒன்றை நிறுத்துங்கள். சாய்மானத்தைப் பூட்டும் வசதி சில மாடல்களில் உண்டு, இருந்தால் பயன்படுத்துங்கள். இறுகப் பொருத்திய குழந்தை இருக்கையும் அந்தப் பக்கத்துச் சாய்மானம் முன்னால் சாயாமல் பெரும்பாலும் தடுத்துவிடும்.

கண்ணாடி எல்லாம் ஒன்றல்ல

காரின் முன்கண்ணாடி எங்கும் அடுக்குக் கண்ணாடிதான்: இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு நெகிழிப் படலம் ஒட்டப்பட்டிருப்பதால், அடித்தால் விரிசல் விடும், ஆனால் உதிர்ந்து வழிவிடாது. பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் பதமூட்டிய கண்ணாடி. அதன் பரப்பில் ஒரே புள்ளியில் கடினமான முனை பட்டால் முழுத் தகடும் சிறு துண்டுகளாகக் கொட்டிவிடும். இன்ஜின் ஓசை இல்லாத மின்காரில் காற்றிரைச்சலும் சாலை இரைச்சலும் பெரிதாகக் கேட்கும் என்பதால், தயாரிப்பாளர்கள் முன்கதவுகளுக்கும், சில மாடல்களில் பின்கதவுகளுக்கும் அடுக்குக் கண்ணாடி பொருத்துகிறார்கள். இது திருட்டுக்கும் தற்செயலாக ஒரு தடையாகிறது. கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும் எழுத்துகளை வாசித்தாலோ, பாதி இறக்கிய கண்ணாடியின் மேல்விளிம்பை உற்றுப் பார்த்தாலோ (இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய கோடு தெரியும்) எது எந்த வகை என்று தெரிந்துவிடும். பதமூட்டிய கண்ணாடி இருக்கும் பக்கத்தில் எதையும் வைக்காமலிருப்பது சிறு கவனம்தான், ஆனால் பயன் உள்ளது.

கண்ணாடிக்கு உட்புறம் ஒட்டும் பாதுகாப்புப் படலம் சந்தையில் கிடைக்கிறது. அது உடைப்பவனைச் சற்று நேரம் தாமதப்படுத்தும் என்பது உண்மை. ஆனாலும் எல்லா ஜன்னல்களுக்கும் அதை ஒட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விபத்திலோ வெள்ளத்திலோ கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியேற வேண்டிய வேளையில் அதே படலம் உங்களுக்கும் குறுக்கே நிற்கும். அவசரச் சுத்தியல் அடுக்குக் கண்ணாடியிடமும் தோற்றுவிடும். கதவுப் பிடிகள் மின்சாரத்தால் இயங்கும் கார்களில், மின்சாரம் போனால் கதவைத் திறக்கும் இயந்திரப் பிடி எங்கே இருக்கிறது என்பதை வீட்டிலுள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டியதற்கும் இதுவே காரணம்.

முன் டிக்கியும் அதன் வரம்பும்

மின்காருக்கே உரிய அனுகூலம் பானெட்டுக்கு அடியில் இருக்கும் முன் டிக்கி. பயணிகள் அறையிலிருந்து அதற்குள் நேரே கை நீட்ட வழியில்லை. மடக்குவதற்கு இருக்கையும் இல்லை. வெளியிலிருந்து எட்டிப் பார்க்கக் கண்ணாடியும் இல்லை. ஆகவே எடுத்துச் செல்ல முடியாத சிறு பொருளுக்கு அதுவே காரில் உள்ளவற்றுள் நல்ல இடம். ஆனால் எல்லாக் கார்களிலும் ஒரே அளவில் அதை நம்பிவிட முடியாது. பல மாடல்களில் பானெட்டைத் திறக்கும் நெம்புகோல், பழைய கார்களில் இருந்தது போலவே, ஓட்டுநரின் காலடியில்தான் இருக்கிறது. கண்ணாடியை உடைத்தவன் அதை இழுத்தால் முன் டிக்கியும் திறந்துவிடும். தொடுதிரை, செயலி, சாவி ஆகியவற்றால் மட்டும் மின்சாரப் பூட்டு விடுபடும் கார்களில் அந்தக் கவலை குறைவு. மேலே சொன்ன சோதனையில் இதைத்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

அளவும் காருக்குக் கார் வேறுபடும். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் வண்டியின் முன் டிக்கி 400 லிட்டர் கொள்ளும். ஹூண்டாய் அயோனிக் 5 காரிலோ பின்சக்கர இயக்க வகையில் 57 லிட்டரும், நான்கு சக்கர இயக்க வகையில் 24 லிட்டரும்தான். பின்னதில் கேபிளை வைத்தாலே இடம் நிறைந்துவிடும். சில கார்களில் முன் டிக்கியே கிடையாது. செயலியில் ஒரு தொடுகையில் முன் டிக்கி திறக்கும் கார் உங்களுடையது என்றால், பையிலிருக்கும் கைப்பேசியில் விரல் தவறிப் பட்டுத் திறந்துகொள்ளாதபடி அந்தப் பொத்தானை முகப்புத் திரையிலிருந்து நீக்கிவிடுங்கள். விடைபெறும் முன் பானெட்டின் விளிம்பை ஒருமுறை அழுத்திப் பார்த்து, இரண்டாவது கொக்கியும் விழுந்ததை உறுதிசெய்யுங்கள்.

தரையில் துளையிடாதீர்கள்

சிறு எஃகுப் பெட்டகம் ஒன்றைக் காருக்குள் பொருத்திக்கொள்வது பழைய கார்களில் எளிய வழியாக இருந்தது: தரைத் தகட்டில் துளையிட்டு, கீழிருந்து நட்டை முறுக்கிவிடுவார்கள். மின்காரில் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. பெரும்பாலான மின்கார்களில் தரைக்கு நேர் கீழே, கார் அகலம் முழுவதும் பரவியிருப்பது 400 வோல்ட்டோ 800 வோல்ட்டோ கொண்ட பேட்டரிப் பெட்டி. துரப்பணம் சில மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால் விளைவது தீயாகவோ உயிர்ச்சேதமாகவோ இருக்கலாம். ஆரஞ்சு நிற உறையிட்ட கேபிள்கள் தெரியும் இடத்தருகே திருகாணி, கொக்கி எதையும் பொருத்தக் கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

அதற்குப் பதிலாக, எஃகு வடம் கொண்ட பூட்டுப்பெட்டி ஒன்றை வாங்கி, காரில் ஏற்கெனவே உள்ள உறுதியான பிடிப்புகளில் கட்டுங்கள். குழந்தை இருக்கையைப் பொருத்துவதற்காகப் பின்னிருக்கையின் இடுக்கில் இருக்கும் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் இதற்கு ஏற்றவை. 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தக் கம்பிகள் காரின் உடற்கூட்டோடு இணைந்தவை. முன்னிருக்கையின் தண்டவாளச் சட்டமும் உதவும். ஆனால் இருக்கையை நகர்த்தும் மோட்டாரின் கம்பிகளில் வடம் உரசாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வடத்தைப் பெரிய வெட்டுக்கருவி அறுத்துவிடும் என்பது மெய்தான். கருவிப்பை தூக்கி வருகிறவனை இந்தப் பெட்டி நிறுத்தாது. ஒரு கல்லோடு வருகிறவனை நிறுத்தும், கார்த் திருட்டில் அவர்களே மிகுதி.

பார்வைக்கு எதுவும் படாதிருத்தல்

கண்ணாடிக் கூரை கொண்ட மின்காரில் பகல் முழுவதும் உள்ளறை வெளிச்சமாகவே இருக்கும். கறுத்த பின்கண்ணாடி தரும் மறைவு பாதியாகிவிடும். காலடியில் தள்ளிய பை, இருக்கையில் கழற்றிப்போட்ட மேலங்கி, நடுப்பெட்டியிலிருந்து தொங்கும் சார்ஜ் வயர், கைப்பேசி தாங்கி ஆகிய எல்லாமே உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது என்று அறிவிக்கின்றன. மேலங்கியைப் போர்த்தி மறைப்பது, என் கணிப்பில், மறைக்காமல் விடுவதைவிடக் கெடுதல். வெறும் இருக்கையில் துணி மூடிய ஒரு மேடு இருந்தால் எவருக்கும் கை பரபரக்கும். நடுப்பெட்டியைத் திறந்தே விட்டுச் செல்வது சிலரின் வழக்கம்; வெறுமையைக் காட்டுகிறது என்ற அளவில் அது நல்ல யோசனைதான்.

எதை எங்கே ஒளித்தாலும், போய்ச் சேரும் இடத்தில் ஒளிக்காதீர்கள். வாகன நிறுத்தத்தில் இறங்கி, முன் டிக்கியைத் திறந்து, மடிக்கணினிப் பையை உள்ளே வைத்து மூடிவிட்டு நடந்தால், தொலைவில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வேலை எளிதாகிவிடும். புறப்படும் இடத்திலேயே எல்லாவற்றையும் உரிய இடத்தில் வைத்துவிட வேண்டும். வீட்டு முகவரியுள்ள ஆவணத்தையும் வீட்டுச் சாவியையும் ஒன்றாகக் காரில் வைப்பது பொருளை மட்டுமல்ல, வீட்டையே காட்டிக்கொடுப்பதாகும். தொடுதிரையிலுள்ள வரைபடத்தில் பதிந்த வீட்டு முகவரியும், வீட்டுக் கதவைத் திறக்கும் ரிமோட்டும் அதே வகையில் சேரும்.

சாவி, ரிமோட், செயலி

உடைக்காமலே திறப்பவர்களும் உண்டு. மிக எளிய முறை ஜாமர்: நீங்கள் ரிமோட்டை அழுத்தும் கணத்தில் அதே அலைவரிசையில் இரைச்சலைப் பரப்பி, பூட்டும் கட்டளை காரைச் சென்றடையாமல் செய்துவிடுகிறார்கள். நீங்கள் பூட்டியதாக எண்ணி நடந்துவிடுவீர்கள். நடந்து விலகினால் தானாகப் பூட்டிக்கொள்ளும் கார்களிலும், கைப்பேசி காரிலேயே கிடந்தால் பூட்டு விழாது. பூட்டு விழும் ஓசை, பக்கக் கண்ணாடிகள் மடங்குவது, விளக்குகள் மின்னுவது ஆகியவற்றுள் ஒன்றைக் கண்ணாலோ காதாலோ உறுதிசெய்யாமல் திரும்பாதீர்கள். ஐயமிருந்தால் கைப்பிடியை இழுத்துப் பாருங்கள்.

ரிலே முறை இதைவிட நுட்பமானது. வீட்டுக்குள்ளோ உணவகத்தில் உங்கள் சட்டைப்பையிலோ இருக்கும் சாவியின் அலைகளை ஒருவன் வாங்கி, காரருகே நிற்கும் கூட்டாளியின் கருவிக்கு அனுப்ப, சாவி பக்கத்தில்தான் இருக்கிறது என்று கார் நம்பித் திறந்துவிடும். புளூடூத் வழியாகத் திறக்கும் கைப்பேசிச் சாவிகளுக்கும் இது பொருந்தும் என்பதை என்சிசி குரூப் என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 2022-இல் டெஸ்லா மாடல் 3 காரில் செய்துகாட்டியது. அலை சென்று திரும்பும் நேரத்தை அளந்து தொலைவைக் கணிக்கும் அதி அகலக்கற்றைத் தொழில்நுட்பம் கொண்ட சாவிகள் இதற்கு நன்றாக ஈடுகொடுக்கின்றன. உங்களுடையது பழைய வகை என்றால், அலை புகாத உறையில் சாவியை வையுங்கள். உறைக்குள் வைத்துக் காரருகே போய்க் கதவு திறக்கவில்லை என்பதை அவ்வப்போது சோதியுங்கள், உறையின் உள்தகடு நாளடைவில் கிழியும்.

ஓட்டுவதற்கு முன் ‘பின்’ (PIN) எனப்படும் ரகசிய எண்ணைக் கேட்கும் வசதி, டேஷ்போர்டுப் பெட்டிக்குத் தனிப் பின் எண் போன்றவை இருந்தால் இயக்கிவிடுங்கள். ஓட்டுநர் கதவு மட்டும் முதலில் திறக்கும்படி அமைக்கும் தெரிவு பல கார்களில் உண்டு; நீங்கள் ஒரு பக்கம் ஏறும்போது மறுபக்கக் கதவைத் திறந்து பையைப் பறிப்பவர்களுக்கு அது வழியை அடைத்துவிடும். செயலியே கதவைத் திறக்கும் என்பதால், அந்தக் கணக்கின் கடவுச்சொல்லும் ஒரு சாவிதான்; இரட்டைச் சரிபார்ப்பு இல்லாமல் அதை வைத்திருக்காதீர்கள். பழைய கார் வாங்கியவர்கள், முந்தைய உரிமையாளரின் கைப்பேசிச் சாவி பட்டியலில் இன்னும் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்து நீக்கிவிட வேண்டும்.

கேமரா செய்வதும் செய்யாததும்

டெஸ்லா 2019-இல் கொண்டுவந்த காவல் முறை போன்றவை, காரை நெருங்குபவரைப் படம்பிடித்து, தொட்டால் எச்சரித்து, கைப்பேசிக்குச் செய்தி அனுப்புகின்றன. திரையில் எச்சரிக்கை தெரிவதால் சிலர் விலகிப் போவார்கள். முகத்தை மறைத்துக்கொண்டு வருகிறவனுக்கு அது பொருட்டல்ல. அதற்கு விலையும் உண்டு: காரின் கணினி விழித்தே இருப்பதால், மணிக்குச் சுமார் ஒரு மைல் ஓட்டத்துக்குரிய மின்சாரம் செலவாகும் என்று டெஸ்லா தரப்பில் கூறப்பட்டதுண்டு, அந்தக் கணக்கில் ஒரு நாள் நிறுத்தினால் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கரைந்துவிடும். பேட்டரி 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் அந்த முறை தானே அணைந்துவிடும். விமான நிலையத்தில் ஒரு வாரம் நிறுத்துபவர் இதைக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். பதிவுகள் யுஎஸ்பி நினைவகத்தில் சேமிக்கப்படும் கார்களில் அதை வெளித்தெரியும் துளையில் செருகாமல், பின் எண் பூட்டுள்ள பெட்டிக்குள் இருக்கும் துளையில் செருகுங்கள். இல்லாவிட்டால் சான்றும் பையோடு போய்விடும். நாயைக் காரில் விட்டுச் செல்வதற்காக உள்ளறை அசைவு உணரியை அணைத்தவர்கள் மறுபடி அதை இயக்க மறந்துவிடுவது வழக்கமாக நடக்கிறது.

சார்ஜ் ஏறும்போது

வேகச் சார்ஜரில் கார் நிற்கும்போது, அதன் உரிமையாளர் சற்று நேரத்துக்குத் திரும்பி வரமாட்டார் என்பதையும், இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம் என்பதையும் சார்ஜரின் திரையே பலவேளை காட்டிக்கொண்டிருக்கும். ஆகவே கேபிளைச் செருகிவிட்டு அட்டையைத் தேடும் நேரத்தில்கூடக் காரைப் பூட்டியே வையுங்கள். காரின் மறுபுறம் நிற்கும் உங்களுக்குப் பயணியின் கதவு திறப்பது தெரியாது. வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள சார்ஜரைத் தேர்ந்தெடுக்க முடிந்தால், சில நிமிடம் கூடுதலாக ஓட்டுவது வீண் இல்லை.

கேபிளும் விலையுள்ள பொருள்தான். செம்புக்காக அதை எடுத்துச் செல்கிறார்கள். டைப் 2 எனப்படும் சார்ஜ் செருகி வகையில் காரிலுள்ள சிறு முளை கேபிளைப் பற்றிக்கொள்ளும். ஆனால் சில கார்களில் சார்ஜ் முடிந்ததும் அந்தப் பிடி தளர்ந்துவிடும்படி அமைப்பு இருக்கும். சொந்தக் கேபிளைப் பயன்படுத்தும்போது எப்போதும் பூட்டியிருக்கும்படி அதை மாற்றுங்கள். டைப் 1 என்ற இன்னொரு வகைச் செருகியின் கொக்கியில் பொதுவாக ஒரு சிறு துளை இருக்கும். அதில் சின்னப் பூட்டு ஒன்றை மாட்டலாம். பயன்படுத்தாத வேளையில் கேபிளை இருக்கையில் சுருட்டிப் போடாமல் முன் டிக்கியிலோ குழிப்பெட்டியிலோ வையுங்கள்.

மின்னணுப் பொருளும் தடங்காட்டியும்

மடிக்கணினியையும் கைப்பேசியையும் காரில் விட வேண்டாம் என்பதற்குத் திருட்டைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. ஐபோனை வைத்திருக்கத்தக்க வெப்பம் 45 டிகிரி செல்சியஸ் வரை என்று ஆப்பிள் குறிப்பிடுகிறது. வெயிலில் மூடிக் கிடக்கும் கார் அதை எளிதில் தாண்டும். விட்டே ஆகவேண்டுமானால் முழுவதுமாக அணைத்துவிடுங்கள். உறக்க நிலையில் இருக்கும் கருவி புளூடூத் அலையை வெளியிட்டுக்கொண்டிருக்கலாம், அதைக் காட்டும் செயலிகள் எவர் கையிலும் கிடைக்கும். பை இருக்கும் இடத்தைக் கைப்பேசியில் காட்டும் ஏர்டேக் போன்ற தடங்காட்டியை அதற்குள் வைப்பது நல்லதுதான். ஆனால் ஒருவரை ரகசியமாகப் பின்தொடர்வதைத் தடுப்பதற்காக, தன்னுடன் அறிமுகமற்ற தடங்காட்டி வருகிறது என்று கைப்பேசி எச்சரிக்கும். 2024 முதல் ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இது பொதுவாகிவிட்டது. திருடனுக்கும் அந்த எச்சரிக்கை போகும் என்பதால், பையைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் வைக்காமல் பையின் உட்புறத் துணிக்குள் வைத்துத் தையுங்கள்.

திருட்டு நடந்துவிட்டால்

முன்கூட்டியே செய்துவைக்க வேண்டியது ஒன்று உண்டு: ஒவ்வொரு கருவியின் வரிசை எண்ணையும், கைப்பேசியில் *#06# என்று அழுத்தினால் தெரியும் ஐஎம்இஐ என்ற அதன் தனி அடையாள எண்ணையும் படமெடுத்துக் காரில் இல்லாத இடத்தில் வைத்திருங்கள். உடைந்த காரைக் கண்டதும் எதையும் தொடாமல் படமெடுத்து, கேமராப் பதிவு மேலெழுதப்படும் முன் அதைச் சேமித்து, கருவிகளைத் தொலைவிலிருந்து பூட்டி, வங்கி அட்டைகளை முடக்கி, காவல்துறையில் புகார் கொடுத்து அதன் எண்ணைப் பெறுங்கள். தடங்காட்டி காட்டும் இடத்துக்கு நீங்களே போய்விடாதீர்கள். அதைக் காவலர்களிடம் காட்டுங்கள். காரின் காப்பீடு கண்ணாடிக்குப் பணம் தரக்கூடும். உள்ளிருந்த பொருளுக்குப் பெரும்பாலும் வீட்டுப் பொருள் காப்பீட்டைத்தான் நாட வேண்டியிருக்கும், ஆகவே இரண்டு ஒப்பந்தங்களையும் படித்துப் பாருங்கள். சாவியோ சாவி அட்டையோ திருடு போயிருந்தால் காரின் பட்டியலிலிருந்து அன்றே நீக்கிவிட்டு, செயலியின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். புதுக் கண்ணாடி பொருத்தும்போது, கதவின் உட்பெட்டியில் விழுந்த துண்டுகளையும் இருக்கைத் தண்டவாளத்தில் சிக்கியவற்றையும் உறிஞ்சி எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை கண்ணாடியை இறக்கும்போது அவை அதைக் கீறிவிடும்.